புள்ளி காணாமல் போனால்

விளக்குமாறு மறுபடியும் வந்துவிட்டது. பெரியவள் கடையைத் திறந்து, எம்பிராய்டரி மெஷின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து உதறிவிட்டுக் கணினியைப் போட்டாள். திரையில் முதலில் நின்றது அதன் செய்திதான். ‘இந்த வரைவில் நீண்ட நாட்களாக அசைவு இல்லை. யாரும் பதில் சொல்லாவிட்டால் மூடப்படும்.’

அது ஆளில்லை, தானியங்கி. துணியில் எம்பிராய்டரி போடுவதற்கு டிசைன் வரையும் இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. அதற்குத் தமிழில் உதவிப்பக்கங்கள் எழுத, எங்கெங்கோ இருக்கிறவர்கள் சம்பளம் வாங்காமல் கூடியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரைவு போடலாம். மற்றவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். ஒப்புதல் கிடைத்ததும் பக்கம் வெளியாகும். ஆசையாக ஆரம்பித்துவிட்டுப் பாதியில் கம்பி நீட்டியவர்களின் வரைவுகளைக் கூட்டித் தள்ளுவது அந்தத் தானியங்கியின் வேலை. அதனால் அங்கே அதற்கு விளக்குமாறு என்று பெயர்.

பெரியவள் வழக்கம்போல, ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்று தட்டி அனுப்பினாள். பச்சைப் பொய். அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை. அந்த வரைவில் இருந்ததே ஒரு தலைப்பும் இரண்டு வரியும்தான். தலைப்பு, ‘புள்ளி காணாமல் போனால்’. அதன் கீழே, ‘வடிவம் மிகச் சிறியதாக இருந்தால் மென்பொருள் நம்மைக் கேட்காமலே அதை விட்டுவிடும். இதை யாரும் எங்கும் சொல்லவில்லை.’ எழுதியவர் பெயர் கோணல்ஊசி.

கோணல்ஊசி அவளுடைய தங்கை. சின்ன வயதில் கைக்குட்டையில் பூத் தைக்கிறேன் பேர்வழி என்று மடியில் வைத்துத் தைத்து, எழுந்தபோது கைக்குட்டை பாவாடையோடு சேர்ந்து வந்தது. அன்றைக்குப் பெரியவள் வைத்த பட்டப்பெயர் அது. வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரை முன்பின் தெரியாதவர்கள் நடுவே பார்த்த நாளில் பெரியவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இவ்வளவு கோபத்தோடு போனவள் நான் வைத்த பெயரைக் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாளே என்று நினைத்தாள்.

கோபத்துக்குக் காரணம் ஒரு புள்ளி. ஊர் சிரிக்கும் கதைதான், சிரித்தும் விட்டது.

கடை இருவருடையதாக இருந்த காலம். சின்னவள் கணினியில் டிசைன் போடுவாள். பெரியவள் மெஷினை ஓட்டுவாள். அம்மா பின்கட்டில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டி மடித்து வைப்பாள். சட்டைப் பைக்கு மேலே பள்ளிச் சின்னம், தொப்பியில் கிளப் பெயர், ஆஸ்பத்திரிக் கோட்டில் டாக்டர் பெயர் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. இருவரும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். ‘நீ ஏன் நூல் கலரை மாத்தின?’, ‘நீ ஏன் சொல்லாம விட்ட?’ என்று நீயும் நானும் பறக்கும். மாலையில் ஒரே தம்ளரில் பாதிப் பாதி டீ குடித்துவிட்டு ஷட்டரை இழுப்பார்கள்.

அப்போது வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் பனியன் கேட்டது. மார்பில் சின்னம், அதன் கீழே பொடி எழுத்தில் ‘கல்விக்கூடம்’. மாதிரிக்குப் பெரிதாக ஒன்று போட்டுக் காட்டினார்கள், தலைமையாசிரியைக்குப் பரம திருப்தி. பிறகு பிள்ளைகளின் அளவுக்கு எழுத்தைச் சுருக்கி எல்லாவற்றையும் ஓட்டி, மடித்து, பெட்டி கட்டி அனுப்பினார்கள். பிள்ளைகள் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றபோதுதான் ஒரு தகப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எழுத்துக்களின் தலையில் புள்ளியே இல்லை. மொத்தம் மூன்று புள்ளி விழவில்லை. மற்ற இரண்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ‘ல்’ மேல் இருக்க வேண்டிய அந்த ஒன்று இல்லாமல் கல்வி, பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுப் படிக்க முடியாத வேறொரு வார்த்தையாகிவிட்டது.

மூன்று பேர் கண்ணைத் தாண்டிப் போயிருந்தது அது. “எனக்குப் புள்ளி இருந்த மாதிரிதான்மா தெரிஞ்சுது” என்று அம்மா அப்பாவியாகச் சொன்னாள். அவள் சொன்னது உண்மைதான். தெரிந்த வார்த்தைக்குக் கண் தானே புள்ளி வைத்துக்கொள்ளும்.

தலைமையாசிரியை கடைக்கு வந்து மேஜைமேல் பனியனை விரித்துப் போட்டபோது பெரியவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தில் வாய் முந்திக்கொண்டது. “டிசைன் போட்டது என் தங்கச்சிங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அந்த அம்மாள் போன பிறகு சின்னவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று புள்ளியும் முத்து முத்தாக இருந்தன. “நான் வெச்சிருக்கேன்.”

“வெச்சிருந்தா எங்க போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?”

சின்னவள் அக்காவையே பார்த்தாள். பிறகு, “மெஷின் ஓட்டினது நீங்க. நீங்களே பாத்துக்கங்க” என்றாள்.

பிறந்ததிலிருந்து அக்காவை நீ என்று மட்டுமே சொன்ன வாய் அது. பெரியவளுக்குச் சுருக்கென்றது, இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், “அடேயப்பா, மரியாதை எல்லாம் பலமா இருக்கே” என்று நக்கலடித்தாள். நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சரியாகவில்லை. சின்னவள் வேறு ஊரில் ஒரு விளம்பரப் பலகைக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

பேச்சு நின்றுபோனதா என்றால், அதுதான் இல்லை. நின்றிருந்தால்கூட ஒரு வழியாக அழுது தீர்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் வரும். “அக்கா நல்லா இருக்காங்களா?” என்று விசாரிப்பாள். பெரியவள் போனை வாங்கினால், “சொல்லுங்கக்கா, சாப்பிட்டீங்களா?” என்பாள். பக்கத்துக் கடைக்காரம்மா ஒரு தடவை கேட்டுவிட்டு, “உங்க தங்கச்சிக்கு என்ன மரியாதை, என்ன மரியாதை!” என்று உருகிப்போனாள். மரியாதை கொடுத்தே கொல்கிறாள் என்று பெரியவளுக்குத்தான் தெரியும். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று போனை எடுப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து ‘சொல்லுங்க’ என்று வந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். வங்கியில் வரிசை எண்ணைக் கூப்பிடுகிறவளிடம் போய் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

சின்னவள் போன பிறகு டிசைனையும் தானே போடக் கற்றுக்கொண்டாள் பெரியவள். தட்டுத் தடுமாறித்தான். ஒரு மருந்துக்கடைக்குச் சட்டை தைத்தபோது மறுபடியும் புள்ளி காணாமல் போனது. இந்தத் தடவை திரையில் புள்ளி வைத்தது சாட்சாத் அவளே. மெஷினிலும் கோளாறில்லை. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உதவிப்பக்கங்களில் ‘புள்ளி’ என்று தேடினாள். வெளியான பக்கம் ஒன்றிலும் இல்லை. வரைவுகளில் மட்டும் ஒன்று வந்தது. எழுதியவர் கோணல்ஊசி. போட்ட தேதி, அவள் வீட்டைவிட்டுப் போன அதே மாதம்.

ஆக, காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். அக்காவிடம் சொல்லவில்லை. உலகத்துக்குச் சொல்ல வந்து, இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டாள். இதை யாரும் எங்கும் சொல்லவில்லை என்ற வரியைப் பெரியவள் எத்தனை தடவை படித்திருப்பாள் என்று கணக்கே கிடையாது. மென்பொருளைப் பற்றிய குறைதான் அது. ஆனால் ‘டிசைன் போட்டது என் தங்கச்சி’ என்று சொன்ன வாய்க்கு, அந்த வரி யாரைப் பற்றியது என்பதில் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்கே அவளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள், ‘பெரியவள்’ என்ற பெயரில். அந்த வரைவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். சும்மா எத்தனை நாள் நிற்க முடியும்? நூல் கலர் மாற்றுவது, துணிக்கு அடியில் தாள் வைப்பது, சட்டத்தில் துணியை இறுக்குவது என்று தெரிந்ததை எல்லாம் எழுத ஆரம்பித்தாள். மற்றவர்கள் எழுதியதையும் திருத்தினாள். அங்கே ஒரு விதி உண்டு: படிக்கிறவரை எப்போதும் ‘நீங்கள்’ என்றே சொல்ல வேண்டும். ‘அழுத்து’ கூடாது, ‘அழுத்துங்கள்’. கல்லூரிப் பையன்கள் அவசரத்தில் ‘நீ’ போட்டுவிடுவார்கள். பெரியவள் கண்ணில் ஒன்று தப்பாது. ஒரு ‘நீ’ கேட்க மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு, ஊரில் உள்ள ‘நீ’யை எல்லாம் தேடிப் பிடித்து அழிக்கும் உத்தியோகம் வாய்த்தது. விதி என்பது இதுதான் போலிருக்கிறது. எல்லோரும் அவளைப் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள்.

தமிழ்ப் பக்கங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர், தன் படத்துக்குப் பதிலாக மேஜைமேல் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியின் படத்தைப் போட்டிருந்தார். அதனால் அவர் கண்ணாடிக்காரர். நல்ல மனுஷன், ஆனால் கறார். விளக்குமாற்றுக்கு அவள் பதில் போட்ட அன்று மத்தியானமே அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“பெரியக்கா, இந்தப் புள்ளி வரைவை என்ன பண்றதா உத்தேசம்? வேலை நடக்குது, வேலை நடக்குதுன்னு எழுதறீங்க. என்ன நடக்குதுன்னுதான் தெரியல.”

“ஆரம்பிச்சவங்க வந்து முடிப்பாங்க சார்.” தங்கையை ‘வருவாங்க, முடிப்பாங்க’ என்று சொல்லும்போது நாக்கு கசந்தது. அவர்கள் அக்கா தங்கை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

“அவங்க எட்டிக்கூடப் பாக்கலயேக்கா. புது வெர்ஷன் வெளியாகப்போகுது. அதுக்கு முன்னாடி அரைகுறை எல்லாத்தையும் மூடணும். ஒண்ணு நீங்க முடிங்க. இல்லன்னா மூடிடறேன்.”

“மூடிட்டா?”

“மூடினா மூடினதுதான். பேரு, வரி எல்லாம் பழைய குப்பைக்குள்ள போயிடும்.”

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அதுல எழுதற ஒவ்வொண்ணும் அவங்களுக்கும் மெயிலாப் போகும். வேணாம்னா ஒரு பட்டனை அமுக்கி நிறுத்திக்கலாம். நிறைய பேர் நிறுத்திடுவாங்க. இவங்க நிறுத்தல. நான் பாத்தேன்.”

போனை வைத்துவிட்டுப் பெரியவள் வெகுநேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று விளக்குமாற்றுக்குச் சொன்ன அத்தனை பொய்யும் சின்னவளுக்குப் போயிருக்கிறது. அவளும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நிறுத்தவில்லை, பதிலும் போடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இனிமேல் அனுப்புவதாக இருந்தால் பொய் அனுப்பக் கூடாது.

பின்கட்டிலிருந்து அம்மா கேட்டாள். “என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“சின்னவ விட்டுட்டுப் போன வேலை ஒண்ணு. முடிக்கணுமாம்.”

“அவகிட்டயே கேளேன். போன் எதுக்கு இருக்கு?”

“கேட்டா ‘சொல்லுங்க’ம்பா.”

“சொல்லேன்!”

அம்மாவுக்கு எல்லாம் சுலபம்.

மறுநாள் ஆர்டர் வேலையை ஓரமாக ஒதுக்கினாள். பழைய துணித்துண்டு ஒன்றைச் சட்டத்தில் இறுக்கி, ‘கல்வி’ என்று ஒற்றை வார்த்தையை மட்டும் பெரிதாகப் போட்டாள். புள்ளி விழுந்தது. கொஞ்சம் சுருக்கினாள். விழுந்தது. இன்னும் சுருக்கினாள். எழுத்துச் சின்னதாகிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் ஊசி புள்ளியைச் சட்டை செய்யாமல் அடுத்த எழுத்துக்குத் தாவியது. முதன்முதலாக அதைத் தன் கண்ணால் பார்த்தாள். மெஷின் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எச்சரிக்கையும் இல்லை, சத்தமும் இல்லை. அதன் பாட்டுக்குப் போனது.

பிறகு கணினியில் தேடினாள். டிசைனை மெஷினுக்கு அனுப்பும் ஜன்னலில், கடைசியில், யாரும் உருட்டிப் பார்க்காத இடத்தில் ஒரு கட்டம் இருந்தது. ‘சிறு வடிவங்களை விட்டுவிடு.’ யாரும் கேட்காமலே அதில் டிக் போட்டிருந்தது. மென்பொருள் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். தூசி மாதிரி வடிவங்களை நீக்கினால் தையல் சுத்தமாக வரும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். பாவம், அவர்கள் மொழியில் தூசி வேறு, எழுத்து வேறு. நம் புள்ளி அவர்கள் கண்ணுக்குத் தூசி.

டிக்கை எடுத்தால் புள்ளி வந்தது, ஆனால் கண்றாவியாக. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் முடிச்சாகித் துணி ஓட்டையானது. வட்டமாக வரையாமல் குட்டியாகக் குறுக்குக் கோடு வரைந்து பார்த்தாள். மூன்று நாலு தையலில் கச்சிதமாக உட்கார்ந்தது. தள்ளி நின்று பார்த்தால் புள்ளியேதான். இதைச் சின்னவள் இருந்திருந்தால் மத்தியானத்துக்குள் கண்டுபிடித்து, ‘நீ வேஸ்ட்டு’ என்று வேறு சொல்லியிருப்பாள். பெரியவளுக்கு அந்த ‘நீ வேஸ்ட்டு’ வேண்டும்போல இருந்தது. உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்போல இருந்தது.

எழுத உட்கார்ந்தாள். தங்கையின் இரண்டு வரியையும் ஒரு எழுத்து மாற்றாமல் மேலே வைத்தாள். அதன் கீழே, புள்ளி ஏன் விழாமல் போகிறது, எந்த அளவுக்குக் கீழே போனால் போகிறது, அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது, டிக்கை எடுத்த பிறகு புள்ளியை எப்படி வரைய வேண்டும் என்று படங்களோடு எழுதினாள். அனுப்பும் முன் எழுத்துக்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள் என்றும் சேர்த்தாள். எல்லாம் ‘நீங்கள்’, எல்லாம் ‘உங்கள்’. விதிப்படி.

கடைசியில் ஒரு வரி மிச்சமிருந்தது. இந்த மாதிரி ஆகும்போது ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? உதவிப்பக்கத்தில் அதற்கு இடமுண்டா என்று யோசித்தாள். இருக்கட்டும் என்று தட்டினாள். தட்டும்போது மேஜைமேல் விரித்த பனியன் கண்ணில் நின்றது. திரையைத் திருப்பிக் காட்டிய கை நின்றது. எழுதி முடித்து, திரும்பப் படிக்கத் தெம்பில்லாமல் அனுப்பிவிட்டாள்.

கண்ணாடிக்காரர் சாயங்காலமே பார்த்துவிட்டார். “பிரமாதம் பெரியக்கா. என் ஒப்புதல் போட்டாச்சு. இன்னொரு ஒப்புதலும் வேணும், ஆரம்பிச்சவங்ககிட்டயே கேட்டு அனுப்பியிருக்கேன். வெர்ஷன் வர்ற வரைக்கும் பாப்போம். அவங்க வரலன்னா இன்னொருத்தர்கிட்ட வாங்கிக்கலாம்” என்று செய்தி போட்டார்.

அதற்கப்புறம் காத்திருப்பது ஒன்றுதான் வேலை. வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே திரையை ஒரு கண்ணால் பார்ப்பாள். மெஷினுக்கு நூல் கோக்கும்போது எட்டிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அம்மா பேசிவிட்டு நீட்டினாள். “எப்படி இருக்கீங்கக்கா?” என்றது குரல். மாறவில்லை. நல்லா இருக்கேன் என்று சொல்லி அம்மாவிடமே கொடுத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய் நூல்கண்டுகளைக் கலர்வாரியாக அடுக்கினாள். அவை ஏற்கெனவே கலர்வாரியாகத்தான் இருந்தன. சின்னவள் அடுக்கிவிட்டுப் போன வரிசை. முடிந்தது, இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்டால்தானே?

இரண்டு நாள் கழித்து, ஒரு தொப்பி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தபோது திரையில் மணி அடித்தது. புள்ளிப் பக்கத்தின் கடைசி வரியை யாரோ சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள். பெரியவள் குனிந்து, தான் எழுதிய வரியைப் படித்தாள். ‘புள்ளி விழாமல் போனது உன் தவறில்லை.’

உன்.

முகம் சூடாகிவிட்டது. ஊரார் ‘நீ’யை எல்லாம் பிடித்துப் பிடித்துக் கொடுத்தவள், தன் பக்கத்தில் தானே போட்டிருக்கிறாள்! கண்ணாடிக்காரரும் கவனிக்கவில்லை. கவனித்தும் விட்டுவிட்டாரோ என்னவோ. வட்டத்துக்குப் பக்கத்தில் கோணல்ஊசி எழுதியிருந்தாள்:

“இங்க ‘உங்கள்’னு வரணும். எல்லாரோட நீயையும் தேடித் தேடிப் பிடிக்கிற. உன் கண்ணுல இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?”

பெரியவள் ஒரு தடவை படித்தாள். பிறகு, மற்றவர்களின் வரைவைத் திருத்துவதுபோல ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துப் பார்த்தாள். பிடிக்கிற. பிடிக்கிறீங்க இல்லை. உன் கண்ணுல. உங்க கண்ணுல இல்லை. வாலில் எங்கேயும் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை, எழுத்து கலங்கிவிட்டது.

மெஷின் வேலையை முடித்துவிட்டு நின்றது. அந்த அமைதியில் அம்மா எட்டிப் பார்த்தாள். “என்னடி? யாரு?”

“சின்னவதாம்மா.”

“என்ன சொல்றா?”

“நான் எழுதினதுல தப்புக் கண்டுபிடிச்சிருக்கா.”

“அவளுக்கு வேற என்ன வேலை!” என்று சொன்ன அம்மா, மகள் முகத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள். திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெரியவளின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ‘உன்’னை அழித்து ‘உங்கள்’ என்று மாற்றினாள். விதி விதிதான், பக்கம் ஊருக்கு. அதன் கீழே பதில் எழுதினாள்: “திருத்திட்டேன். பாருடி.”

சிறிது நேரத்தில் சின்னவளின் ஒப்புதல் விழுந்தது. பக்கம் வெளியானது. கூடவே கண்ணாடிக்காரரிடமிருந்து பெரியவளுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி. “பெரியக்கா, எல்லாரும் பாக்கற இடத்துல ‘டி’ எல்லாம் போட்டிருக்கீங்க. எடுத்துடுங்களேன், நல்லா இருக்காது.”

அவர் சொன்னது நியாயம்தான். வேறு யாராவது அப்படிப் போட்டிருந்தால் முதல் ஆளாக ஓடிப்போய் வட்டமிட்டிருப்பாள். பெரியவள் அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த தொப்பியை எடுத்து மெஷினில் மாட்டினாள்.